பழைய நகர்ப்பகுதியில் வீடு: முழு வீடா, பங்கு வீடா, எல்லைக்கு வெளியேயா?

இங்கிலாந்தின் பாத் நகரில் ராயல் கிரெசன்ட் என்றொரு வீட்டு வரிசை உண்டு. 1767-இல் தொடங்கி 1774-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பிறை வடிவ வரிசையில் 30 வீடுகள் இருக்கின்றன. இளைய ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது முகப்பை மட்டுமே. வீடு வாங்கியவர்கள் அந்த முகப்பில் தமக்கு வேண்டிய நீளத்தை வாங்கிக்கொண்டு, அதன் பின்னால் தத்தம் கட்டடக் கலைஞரை வைத்துத் தமக்கு ஏற்றபடி கட்டிக்கொண்டார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஒரே அரண்மனை போல வளைந்து செல்லும் வரிசை, பின்னாலிருந்து பார்த்தால் உயரம் ஒவ்வாத கூரைகளும் துருத்திய அறைகளுமாகத் தெரிகிறது. மரபுச் சிறப்பும் செல்வச் செழிப்பும் ஒருசேர அமைந்த நகர்ப்பகுதியில் வீடு தேடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. அத்தகைய பகுதியில் முகப்பு ஏறக்குறைய தெருவுக்கே உரியது. அதன் பின்னால் இருப்பது உங்களுடையது. கூரை யாருடைய பொறுப்பு என்பதோ நீங்கள் எந்த வகை வீட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தேர்வுகள் பெரும்பாலும் நான்கு. பழைய வீடொன்றை முழுமையாக வாங்கலாம். பல குடித்தனங்கள் இருக்கும் பழைய கட்டடத்தில் ஒரு பங்கை வாங்கலாம். அதே தெருவில் பிற்காலத்தில் எழுந்த புதுக் கட்டடத்தில் குடியேறலாம். பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லைக்கு வெளியே, நடந்து வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொள்ளலாம். இவற்றைப் பரப்பளவையும் விலையையும் வைத்து ஒப்பிடுவதே வழக்கமாக இருக்கிறது. அது தவறில்லை என்றாலும், வேறு மூன்று கேள்விகளை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும்? பழுதுபார்க்க யார் பணம் தர வேண்டும்? வேலையைத் தொடங்க யாருடைய அனுமதி வேண்டும்?

முழு வீட்டை வாங்கினால் முதலிரண்டு கேள்விகளுக்கும் நீங்களே விடை. மூன்றாவதுதான் பலரையும் திகைக்க வைக்கிறது. வரலாற்றுப் பகுதி முழுவதையும் ஒரு விதிமுறைக்குள் கொண்டுவந்த முதல் அமெரிக்க நகரம் சார்ல்ஸ்டன், ஆண்டு 1931. நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963-இல் இடிக்கத் தொடங்கப்பட்டபோது எழுந்த கொதிப்பு, 1965-இல் அந்நகரின் மரபுச் சின்னச் சட்டம் வருவதற்குப் பெரிதும் உதவியது. புரூக்ளின் ஹைட்ஸ் அதே ஆண்டில் அந்நகரின் முதல் பாதுகாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியாயிற்று. பிரான்சில் மால்ரோ சட்டம் 1962-இலும், பிரிட்டனில் பாதுகாப்புப் பகுதிகளை உருவாக்கிய சட்டம் 1967-இலும் வந்தன. விவரங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், வெளியிலிருந்து தெரியும் தோற்றத்தை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டும் என்ற அடிப்படை எங்கும் ஒன்றே. பாஸ்டனின் பீக்கன் ஹில் பகுதியில், பொதுவழியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் வெளிப்புற மாற்றம் எதற்கும் அப்பகுதிக்கென அமைந்த ஆணையத்தின் ஒப்புதல் தேவை. பிரிட்டனில் பட்டியலிடப்பட்ட கட்டடமானால், அதாவது மரபுச் சிறப்புக்காக அரசின் பட்டியலில் சேர்க்கப்பட்டதானால், உள்ளே இருக்கும் மாடிப்படி, கணப்படுப்பு, கதவு நிலை ஆகியவையும் அந்தக் கணக்கில் சேரும். ராயல் கிரெசன்ட் வரிசையிலேயே 1970-களில் ஒரு பெண்மணி தம் முன்கதவுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார். அதற்கு நகராட்சி அறிவிக்கை அனுப்பியது. பொது விசாரணை வரை போய், இறுதியில் மஞ்சள் நீடிக்க அனுமதி கிடைத்தது. வென்றது அவரே என்றாலும், ஒரு கதவின் நிறத்துக்காக அவ்வளவு தூரம் போராட உங்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது முந்தைய உரிமையாளர் செய்துவிட்டுப் போனவை. இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடத்தில் அனுமதியின்றிச் செய்த மாற்றத்தைச் சரிசெய்யுமாறு இன்றைய உரிமையாளருக்கு ஆணையிட முடியும். வேலை எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தாலும் அதற்குக் காலவரம்பு இல்லை. யாரோ ஒருவர் இடித்த சுவரை நீங்கள் மறுபடி எழுப்ப நேரலாம். எந்த நாட்டில் வாங்கினாலும் பத்திரத்தோடு பழைய அனுமதிக் கடிதங்களையும் கேட்டு வாங்கி, வீட்டின் இன்றைய நிலையோடு அறை அறையாக ஒத்துப்பார்ப்பது நல்லது. கடிதம் இல்லாத புதுக் குளியலறையைக் கண்டால், அதன் அழகில் மயங்குவதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும்.

அடுத்தது சுவர். பழைய செங்கல் சுவர்களில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும். வாங்கிய ஈரத்தைச் செங்கற்களுக்கு இடையிலுள்ள மென்மையான காரை வழியாக வெளியே விடும். வலுவாக இருக்கட்டும் என்று அந்த இடுக்குகளில் சிமென்ட்டை அடைத்தால், ஈரம் வெளியேறும் வழி அடைபட்டுச் செங்கல் வழியாகவே வெளியேற முயல்கிறது. நான் பார்க்கப்போன ஒரு வீட்டின் பின்சுவர் இன்றும் கண்ணில் நிற்கிறது. சிமென்ட் வரிகள் மீன்வலை போல முன்னால் துருத்தி நிற்க, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் செங்கல் அரை விரற்கடை குழிந்திருந்தது. தொட்டதும் செம்பொடி கையில் உதிர்ந்தது. புதிதாகப் பூசியதால் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சுவரின் அடியில் ஓதம் ஏறியிருக்கிறதா, எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, அதை மறைக்க அண்மையில் வண்ணம் பூசியிருக்கிறார்களா என்பதையெல்லாம் பார்க்கப் பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளர் வேண்டும். புதுக் கட்டடங்களை மட்டும் பார்த்துப் பழகியவர் ஈரம் தட்டும் இடத்தில் எல்லாம் நீர்புகாப் பூச்சைச் சிபாரிசு செய்வார். அது மேலே சொன்ன சிமென்ட்டின் தவறை இன்னொரு பெயரில் செய்வதாகும்.

அடித்தளத்தை எவரும் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அதைப் பற்றிக் கேட்கவும் மறந்துவிடுகிறார்கள். பாஸ்டனின் பேக் பே பகுதி 19-ஆம் நூற்றாண்டில் நீர்நிலையைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. அங்குள்ள பழைய வீடுகள் மண்ணில் அடித்திறக்கிய மரத்தூண்கள் மீது நிற்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் ஓர வீடுகளும் அப்படித்தான். அந்த மரம் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை உளுப்பதில்லை. நீர்மட்டம் தாழ்ந்து மரத்தின் தலையில் காற்று பட்டால் அழுகத் தொடங்கிவிடும்; பிறகு சுவரில் சாய்வான விரிசல் தெரியும். பாஸ்டனில் நிலத்தடி நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்வதற்கென்றே ஓர் அமைப்பு இயங்குகிறது. அத்தகைய பகுதியில் வீடு பார்க்கும்போது அருகிலுள்ள அளவைக் கிணற்றின் பதிவைப் பார்ப்பது வரவேற்பறையின் வேலைப்பாட்டை ரசிப்பதைவிடப் பயனுள்ளது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதும் உங்கள் அடித்தளத்தோடு தொடர்புடையதே. லண்டனின் கென்சிங்டன் பகுதியில் செல்வந்தர்கள் தங்கள் வீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று தளங்கள் தோண்டத் தொடங்கி, அண்டை வீடுகளில் விரிசல் கண்ட புகார்கள் பெருகியபின், ஒரு தளத்துக்கு மேல் தோண்டுவதற்கு உள்ளாட்சி கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஜன்னல்கள் தனிக் கதை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி வைக்கப் பல பகுதிகளில் அனுமதி கிடைக்காது. அதனால் வெப்பமும் குளிரும் இரைச்சலும் வீட்டுக்குள் தாராளமாக வரும். பழைய சட்டத்தைத் தொடாமல் உட்புறமாக இன்னொரு கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்துவதற்குப் பெரும்பாலும் தடையிருக்காது. அதுவே போதுமான பலனைத் தருகிறது. பழைய மரம் நன்கு விளைந்த மரமாக இருந்தால், உளுத்த அடிப்பகுதியை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டுப்போட்டு இன்னும் நெடுங்காலம் வைத்துக்கொள்ளலாம். இத்தகைய வேலை தெரிந்த தச்சரும் கொத்தனாரும் எளிதில் கிடைப்பதில்லை. அவர்களுக்காகக் காத்திருப்பதும் செலவில் சேர்ந்ததே. மதிப்பீட்டாளர் சொன்ன பழுதுச் செலவுக்கு மேல் இன்னும் அதில் பாதியையாவது கையில் வைத்துக்கொள்ளாதவர் முழு வீட்டில் இறங்கக் கூடாது என்றே சொல்வேன். காப்பீடும் அப்படியே. அதே கல், அதே மரவேலையோடு மறுபடி கட்ட ஆகும் செலவு சந்தை விலையோடு தொடர்பில்லாதது; சந்தை விலைக்குக் காப்பீடு எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

பங்கு வீட்டுக்கு வருவோம். இதில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒன்று, தொடக்கத்திலிருந்தே பல குடும்பங்களுக்கென்று கட்டப்பட்ட கட்டடம். எடின்பரோவின் கல் அடுக்கு வீடுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்னொன்று, ஒரே குடும்பத்துக்குக் கட்டிய மாளிகையைப் பிற்காலத்தில் தளம் தளமாகப் பிரித்தது. முதல் வகையில் பொதுப் படிக்கட்டு கல்லால் அகலமாக இருக்கும். தளங்களுக்கு இடையே உத்தரங்களின் நடுவில் சாம்பல் முதலியவற்றை நிரப்பி ஒலியை அடக்கியிருப்பார்கள். இரண்டாம் வகையில் உங்கள் படுக்கையறை முன்பு அந்த வீட்டின் நடனக்கூடத்தில் பாதியாக இருந்திருக்கலாம். மேல்தளக்காரர் நாற்காலியை நகர்த்துவது உங்கள் தலைமாட்டில் கேட்கும். விட்டத்தின் பூவேலைப்பாடு ஒரு சுவரில் திடீரென்று வெட்டுப்பட்டு, பக்கத்து அறையில் தொடர்வதைக் கண்டால் அது பிரிக்கப்பட்ட அறை என்று தெரிந்துகொள்ளலாம். அந்தத் தடுப்புச்சுவர் எதனால் ஆனது என்று விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

கூரைக்கான பொறுப்பு பகிரப்படுவதே பங்கு வீட்டின் பெரிய நன்மை. சண்டைக்கான மூலமும் அதுவே. ஸ்காட்லாந்து இதற்கு 2004-இல் ஒரு சட்டம் இயற்றியது. பத்திரங்களில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, கூரை, அடித்தளம், வெளிச்சுவர் போன்றவற்றின் பராமரிப்பைப் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யலாம். செலவு எல்லோருக்கும் சமம். ஆனால் மிகப் பெரிய வீட்டின் பரப்பு மிகச் சிறிய வீட்டின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் பரப்பளவுக்கு ஏற்பப் பிரிக்கப்படும். அதாவது தரைத்தளத்தில் இருப்பவர் தமக்கு மழை சொட்டாது என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. இவ்வளவு தெளிவான சட்டம் இல்லாத இடங்களில் பத்திரத்தின் வாசகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேல்தளக்காரரே கூரைக்கு முழுப் பொறுப்பு என்று பழைய பத்திரம் சொல்வதும் உண்டு. அப்படிப்பட்ட மேல்தளம் மலிவாக வந்தால் அது மலிவில்லை.

ஆகவே, வாங்குவதற்கு முன் குடியிருப்போர் சங்கத்தின் கடந்த ஐந்தாண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இதைவிட நேர்மையான ஆவணம் அந்தக் கட்டடத்தில் வேறு இருக்காது. கூரை வேலை மூன்று கூட்டங்களில் தொடர்ந்து ஒத்திவைக்கப்பட்டிருந்தால், நான்காவது கூட்டத்தில் உங்கள் பணம் கேட்கப்படும். பொது நிதியில் இருப்பு எவ்வளவு, பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், உரிமையாளர்களில் எத்தனை பேர் அங்கேயே வசிக்கிறார்கள் என்பவை அடுத்த கேள்விகள். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் உரிமையாளர் சொட்டும் கூரையைப் பார்ப்பதில்லை; கட்டணச் சீட்டை மட்டுமே பார்ப்பார்.

லண்டனின் பெல்கிரேவியா, மேஃபேர் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நிலம் பழைய எஸ்டேட்டுகளின், அதாவது பரம்பரை நிலவுடைமைகளின், கையில் இருப்பதால், அங்கே வாங்கப்படுவது பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை உரிமைதான். எஞ்சிய ஆண்டுகள் குறையக் குறைய அதன் மதிப்பும் கரையும். வங்கிக் கடன் கிடைப்பதும் கடினமாகும். புகழ்பெற்ற முகவரி எதிர்பாராத குறைந்த விலைக்கு விளம்பரத்தில் வந்தால், எஞ்சிய ஆண்டுகள் எத்தனை என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளின் உச்சியில் வெளியே நீட்டிய உத்தரமும் கொக்கியும் இருப்பதற்குக் காரணம், குறுகிய படிக்கட்டில் பெரிய சாமான்கள் ஏறாது என்பதே. கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். கொக்கி இல்லாத ஊர்களிலும் படிக்கட்டின் திருப்பம் அதே அளவுதான். கட்டிலின் நீளத்தைக் குறித்துக்கொண்டு அளவு நாடாவோடு வீடு பார்க்கப் போவது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், வயதான பெற்றோரோடு வாழ்பவர்களுக்கும் லிஃப்ட் இல்லாத மூன்றாம் தளத்தை நான் எந்த அழகுக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன். பல கட்டடங்களில் லிஃப்ட் வைக்க இடமும் கிடைக்காது, அனுமதியும் கிடைக்காது.

பழைய தெருவில் எழுந்த புதுக் கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மின்கம்பி புதிது, குழாய் புதிது, லிஃப்ட் உண்டு, சுற்றிலும் பழைய தெருவின் அழகு. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 1970-இல் வெடிவிபத்தில் அழிந்த பழைய வீடொன்றின் இடத்தில், முகப்பைச் சாய்கோணத்தில் திருப்பி ஒரு புது வீடு எழுந்தபோது நீண்ட விவாதம் நடந்தது. இன்று அது தெருவின் அடையாளங்களுள் ஒன்று. மரபுச் சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையோடு தனித்துத் தெரிய வேண்டும் என்றே சொல்கிறது. எனக்கு ஐயம் எழுவது இன்னொரு வகையில்தான்: பழைய முகப்பை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, பின்னால் முழுவதையும் இடித்துக் கட்டியது. பழைய வீட்டின் உயரமான தளங்களுக்கேற்ப அமைந்த நெடிய ஜன்னலைப் புதுத் தளத்தின் கான்கிரீட் பலகை நடுவில் குறுக்கே வெட்டிப்போவதை அங்கே காணலாம். ஜன்னலின் மேல்பாதி ஒரு வீட்டுக்கு, கீழ்பாதி இன்னொரு வீட்டுக்கு. பழைய முகவரிக்கான விலையைக் கொடுத்து, தாழ்ந்த விட்டத்தின் கீழ் வாழ்வதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எல்லைக்கு வெளியே வசிப்பது பலருக்குத் தோல்வி போலத் தோன்றுகிறது. உண்மையில் அது நால்வகையில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது. அதே மரநிழலில் காலை நடை போகலாம், அதே பூங்காவில் உட்காரலாம். ஜன்னலை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கக்கூடும். ஆனால் உங்களைக் கட்டுப்படுத்தாத விதி உங்கள் எதிர்வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தாது. இன்று இரண்டு மாடியாக இருக்கும் எதிர்வீடு சில ஆண்டுகளில் பன்னிரண்டு மாடியாகலாம். பீக்கன் ஹில்லில் 1947-இல் செங்கல் நடைபாதையைப் பெயர்க்க நகராட்சி முனைந்தபோது, அங்குள்ள பெண்கள் நடைபாதையிலேயே உட்கார்ந்து தடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1955-இல், அப்பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. எல்லைக்கு உள்ளே கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி, தெருவின் மறுபக்கம் மாறாமல் இருக்கும் என்ற உறுதிக்கானது. அந்த உறுதி உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பதை நீங்களே மதிப்பிட வேண்டும். எல்லைக்கோடு எந்தத் தெருவில் ஓடுகிறது, அதை விரிவாக்கும் திட்டம் இருக்கிறதா, வெளிப்பக்கத்தில் எத்தனை மாடி கட்ட அனுமதி உண்டு என்பவை நகராட்சியின் திட்ட வரைபடத்தில் இருக்கும்.

பகுதிக்கு உள்ளே வாழும் மூன்று வகையினருக்கும் பொதுவான சில தொல்லைகள் உள்ளன. குதிரை வண்டிக் காலத்துத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. அனுமதி அட்டை இருந்தாலும் இடம் கிடைக்கும் என்று அதற்குப் பொருளில்லை. கடைகள் இருக்கும், ஆனால் ஓவியக்கூடமும் வாசனைத் திரவியக் கடையும் இருக்கும் தெருவில் ஓர் ஆணி வாங்க முடியாது. பயணிகளின் கூட்டம் எல்லை மீறினால் குடியிருப்பே கரைந்துபோகும். வெனிஸின் பழைய நகரில் 1951-இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. பயணிகளுக்கான குறுங்கால வாடகை வீடுகளுக்கு உரிமம் தருவதை 2028-க்குள் முடித்துக்கொள்வதாக பார்சிலோனா 2024-இல் அறிவித்ததும் இந்த அச்சத்தால்தான். நீங்கள் பார்க்கும் கட்டடத்தின் வாசலில் பயணிகளுக்குச் சாவி வைக்கும் எண்பூட்டுப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கினால், அங்கே அண்டை வீட்டார் என்று சொல்ல ஆட்கள் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், பல குடும்பங்களுக்கென்றே கட்டப்பட்ட பழைய கட்டடத்தின் நடுத்தளத்தை முதலில் வைப்பேன். மேலே ஒரு தளம் கூரை ஒழுகலுக்குக் குடை பிடிக்கிறது, கீழே ஒரு தளம் ஓதத்தைத் தடுக்கிறது, செலவு பங்காகிறது. பழுதுபார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு, கையிருப்பும் இருந்தால், முழு வீடு பொருந்தும். அத்தகையவரை எந்த ஒப்பீடும் தடுக்கப்போவதில்லை. சிறு குழந்தைகளும் இரண்டு வண்டிகளும் உள்ள குடும்பத்துக்கு எல்லைக்கு வெளியே உள்ள வீடு. லிஃப்ட் இன்றியமையாதவருக்குப் புதுக் கட்டடம், ஜன்னலை நேரில் பார்த்த பிறகு.

எதை வாங்குவதானாலும், அதே தெருவில் ஓராண்டாவது வாடகைக்கு இருந்து பார்க்க முடிந்தால் மேற்சொன்னவற்றில் பாதி உங்களுக்கே விளங்கிவிடும். அது முடியாதவர்கள் வீட்டை மூன்று முறையாவது பார்க்கட்டும்: விடுமுறை நாள் பிற்பகலில் ஒரு முறை, வார நாள் இரவு பத்து மணிக்கு ஒரு முறை, நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் ஒரு முறை. அந்த மூன்றாவது முறை வரவேற்பறையில் நேரத்தைச் செலவிடாமல், கைவிளக்கோடு கூரைக்கு அடியில் ஏறிப் பாருங்கள். தரையில் யாராவது வாளி வைத்திருந்தால், அது எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.